ஐந்தாம் எண் நரம்பு

மதியழகனுக்கு அந்தக் கிளப்பில் வேலை, அடுத்தவர் அடிக்கும் பந்தைத் திருப்பி அடித்துக்கொண்டே இருப்பது. அதற்கு மார்க்கர் என்று பெயர். கூட ஆட ஆள் கிடைக்காத உறுப்பினர்கள் மணிக்கணக்குக்கு மார்க்கரைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். இடக்கைப் பக்கம் அடித்துப் பழக வேண்டும் என்றால் அங்கேயே பந்தைப் போட வேண்டும். மூச்சு வாங்கினால் ஓடாமலே எட்டுகிற மாதிரி போட வேண்டும். மார்க்கர் ஜெயிக்கக் கூடாது, வேண்டுமென்றே தோற்பதும் வெளியே தெரியக் கூடாது. பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கம் தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவில், ஆறு செம்மண் கோர்ட்டுகள் உள்ள பழைய டென்னிஸ் கிளப் அது. இருபது வருடமாக அவன் அங்கே இதைத்தான் செய்துவந்தான்.

பிறந்தது கோலார் தங்கவயலில். சுரங்கத்தை மூடியபோது அவனுக்குப் பதினாறு வயது. கிளப்பில் கோர்ட்டுக்குத் தண்ணீர் விடும் வேலையில் இருந்த சித்தப்பா, ஜீவனஹள்ளியில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு அவனை அங்கே சேர்த்துவிட்டார். பந்து பொறுக்கினான், வலை கட்டினான், மதியத்தில் கோர்ட் காலியாகக் கிடக்கும்போது யாரோ தூக்கிப் போட்ட மட்டையை எடுத்து அடித்துப் பார்த்தான். மூன்று வருடத்தில் மார்க்கர் ஆனான். பிறகு மட்டைகளுக்கு நரம்பு கட்டவும் கற்றுக்கொண்டான்.

அந்த நரம்பு விஷயத்தில் அவனுக்கு ஒரு தனிக் கூர்மை இருந்தது. கட்டிய மட்டையை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி, காதருகே பிடித்துக் கேட்டு, இறுக்கம் எத்தனை பவுண்டு என்று சொல்லிவிடுவான். ஒரு பவுண்டுக்கு மேல் தப்பாது.

இது ரகுராமின் காதுக்குப் போனது. ரகுராம் கிளப்பின் கமிட்டி உறுப்பினர், பொம்மசந்திராவில் தொழிற்சாலை வைத்திருந்தார். பாலியெஸ்டரை உருக்கி இழை இழுத்து, பிரஷ்களுக்கும் மீன்பிடித் தூண்டிலுக்கும் விற்கிற தொழில். அதே இயந்திரத்தில் டென்னிஸ் நரம்பும் செய்தால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை. ஒரு காலையில் ஆட்டம் முடிந்ததும் தன் மட்டையை நீட்டினார்.

"மதி, இது எத்தனை பவுண்டுன்னு சொல்லு, பார்ப்போம்."

அவன் தட்டிப் பார்த்தான். "கட்டும்போது ஐம்பத்தி நாலு வச்சிருப்பாங்க சார். இப்போ நாப்பத்தி ஆறுக்கு மேல இல்ல. கட்டி மூணு வாரம் ஆயிருக்கும்."

ரகுராம் சிரித்துவிட்டார். "கரெக்ட். மூணு வாரம், ரெண்டு நாள். நீ எனக்கு ஒரு ஹெல்ப் பண்ணணுமே."

ஏழு விதமான நரம்புகள். ஒவ்வொரு சுருளிலும் ஒரு எண் மட்டும் ஒட்டியிருந்தது. எது வெளிநாட்டுச் சரக்கு, எது ரகுராமின் சொந்தத் தயாரிப்பு என்று அவனுக்குச் சொல்லப்படவில்லை. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்றார்கள். ஒரே மாதிரி இரண்டு மட்டை, ஒரே ஐம்பத்திரண்டு பவுண்டு இறுக்கம். தினமும் இரண்டு மணி நேரம், நரம்பு அறுந்துபோகிற வரைக்கும் ஆட வேண்டும். பந்து எவ்வளவு சுழல்கிறது, நினைத்த இடத்தில் விழுகிறதா, வேகம் எப்படி, கைக்கு இதமாக இருக்கிறதா என்று நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அறுந்த பிறகு அதே எண்ணை மறுபடி கட்டி, மொத்தம் மூன்று முறை. மூன்று முறையும் ஒரே மாதிரி வந்தால்தான் அந்த முடிவை நம்பலாம்.

சனிக்கிழமைகளில் பஸ் மாறி பொம்மசந்திராவுக்குப் போவான். தொழிற்சாலையின் பின்பக்க அறையில் பரிசோதனைப் பிரிவு. அங்கே இருந்த இன்ஜினியர் சுனிதா, தும்கூர்க்காரப் பெண். அவன் தமிழில் சொல்வதைக் கேட்டுக் கன்னடம் கலந்த தமிழில் சந்தேகம் கேட்டு, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வாள். மேஜைமேல் ஒரு கருவி நரம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். நேரம் போகப் போக இழுவிசை தளர்ந்து, திரையில் எண் இறங்கிக்கொண்டே வரும்.

முதல் சனிக்கிழமை, இழுத்துக் கட்டியிருந்த ஒரு நரம்பை அவன் விரலால் சுண்டிப் பார்த்தான். "இது ஒரு மணி நேரத்துல ஆறு பவுண்டு விட்டுடும் மேடம்."

"ஹௌதா, அப்படியா?" என்று சுனிதா நம்பாமல் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் ஆறு புள்ளி இரண்டு இறங்கியிருந்தது. அவள் எழுந்து போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினாள். அன்று திரும்பிவரும்போது சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. மதியழகனுக்கு அலுப்பே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் பந்தைத் திருப்பி அடி என்று சொன்னவர்கள்தான் உண்டு. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு, சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஒன்றாம் எண் ஒன்பது மணி நேரத்தில் அறுந்தது. இரண்டாவது பதினொன்று. மூன்றாவது நன்றாகச் சுழன்றது, ஆனால் ஏழே மணி நேரம். குறுக்கு நரம்பும் நெட்டு நரம்பும் உரசிக்கொள்கிற இடத்தில் சின்னதாகப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போய், ஒரு நாள் பட்டென்று தெறிக்கும். அறுந்த இடத்தைக் கத்தரித்துக் காகிதத்தில் ஒட்டி சுனிதாவிடம் கொடுப்பான். நான்காவது பதினான்கு மணி நேரம் தாங்கியது. அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று சொன்னான். கையில் மட்டை இருப்பதே தெரியவில்லை என்றான்.

ஐந்தாவது அறுந்துபோகவே இல்லை.

முதல் நான்கு மணி நேரம் அது மற்றதைப்போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கித் திரும்பி வருவது நின்றுவிட்டது. பந்து படும்போது வரும் சத்தம் மாறியது. தகரத்தில் கல் விழுகிற சத்தம். பந்து தானாகப் போகாததால் அவன்தான் தள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடியும் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு வந்து அங்கேயே உட்கார்ந்தது. இருபது மணி நேரம் ஆனது. முப்பது ஆனது. நரம்பில் பள்ளம் விழுவேனா என்றிருந்தது. முப்பத்தெட்டாவது மணி நேரத்தில்தான் அறுந்தது.

"நாலு மணி நேரத்துக்கு அப்புறம் இது செத்துடுது மேடம்," என்று சுனிதாவிடம் சொன்னான். "கம்பியால அடிக்கிற மாதிரி கீது. கை முட்டி வலிக்குது. இத யாரு கையிலயும் குடுக்காதீங்க."

அவள் அவன் முழங்கையைப் பார்த்தாள். "ரொம்ப வலியா? நிறுத்திடலாமா?"

நிறுத்திவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இன்னும் இரண்டு முறை ஆட வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருந்தான். வலிக்கிறது என்று ஒரு மார்க்கர் சொன்னால் அது கிளப்புக்கு எட்ட ஒரு நாள் ஆகாது. "பரவால்ல மேடம், சும்மா எழுதிக்குங்க," என்றான்.

இரண்டாவது முறை நாற்பத்தொரு மணி நேரம். மூன்றாவது முறை முப்பத்தாறு.

மூன்றாவது முறை பாதியில், ஒரு காலை மனைவி எலிசபெத் கொடுத்த காப்பி டம்ளர் அவன் விரல்களிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எலிசபெத்தும் தங்கவயல்காரிதான். காக்ஸ் டவுனில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். அவள் துணி எடுத்துத் துடைக்கவில்லை. அவன் எதிரில் உட்கார்ந்து அவன் கையைத் திருப்பி முழங்கையின் வெளிப்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"எத்தினி நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

"எங்கப்பா கம்பெனி டாக்டர் முன்னாடி போய் நிக்கும்போது இருமல அடக்கிக்குவாரு. அடக்க முடியாதப்போ கண்ணுல தண்ணி வரும். அந்தாளு பார்த்துட்டு, கண்ணுல தூசியான்னு கேப்பான். நுரையீரல் ஃபுல்லா கல்லுத்தூசி. உள்ள தெரிஞ்சா அன்ஃபிட்னு எழுதிடுவான்னு பயம்." அவள் குரல் உயரவில்லை. "நீயும் அதத்தான் பண்ற."

"இத முடிச்சுட்டா விட்டுடுவேன் எலிசா."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு."

ஆறாம், ஏழாம் எண்களையும் ஆடி அவன் முடித்தான். அரசு ஆஸ்பத்திரியில் காட்டினான். முழங்கை எலும்பில் ஒட்டியிருக்கிற இடத்தில் தசைநார் கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதம் மட்டையைத் தொடக் கூடாது என்றார். அதை அவன் டாக்டரிடம் மறுத்துப் பேசவில்லை. ஒரு ஊசி போட்டுக்கொண்டு, கைக்குப் பட்டை ஒன்று வாங்கி முழுக்கைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு, திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போனான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் நரம்பு கடைக்கு வந்துவிட்டது. கறுப்பு உறை, வெள்ளி எழுத்து. கிளப் அலுவலகக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். உறைக்குள் ஒரு சின்னக் கையேடு. மற்ற ஆறு நரம்புகளோடு ஒப்பிட்டு ஒரு படம் போட்டிருந்தது. ஆறும் குட்டையாக நிற்க, ஒன்று மட்டும் ஓங்கி நின்றது. முப்பத்தெட்டு மணி நேரம். பெங்களூர் கிளப் ஆட்டக்காரர்களால் பரிசோதிக்கப்பட்டது என்று கீழே ஆங்கிலத்தில் இருந்தது. அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். ஒன்றைத் திறந்து கட்டிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது ஐந்தாம் எண்.

சுனிதாவுக்கு போன் செய்தான். முதலில் அவள் எடுக்கவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் எழுதினேன். நீங்க சொன்னது எல்லாம் எழுதினேன். சார்தான் கைவலி பத்தின கட்டம் பேடா, வேண்டாம்னு எடுத்துட்டாரு. ஃபர்ம் ஃபீல்னு மாத்திட்டாரு. நம்ம ஊர்ல எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், எத்தனை நாள் தாங்கும்னு. அத மட்டும் போடுன்னாரு."

"ஃபர்ம் ஃபீல்னா?"

"உறுதியா இருக்கும்னு."

மதியழகன் போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். இருபது வருடம் அடித்த கை அது. இந்த ஒரு நரம்பு மட்டும்தான் காரணம் என்று அவனாலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தான் சொன்னதை எடுத்து, அதற்கு நேர்எதிரான சொல்லைப் போட்டு, அதன் கீழேயே பரிசோதித்தது என்று எழுதியிருந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் ரகுராமோடு ஆடிக்கொண்டிருக்கும்போது மட்டை அவன் கையை விட்டுப் போய் வலைக்கருகே விழுந்தது. விரல்களை மூடச் சொன்னால் மூடவில்லை. ரகுராம் பதறித்தான் ஓடிவந்தார். தண்ணீர் கொடுத்தார். "ரெஸ்ட் எடு மதி. ரொம்ப நாளா ஓடிட்டே இருக்கே," என்றார். அடுத்த வாரத்திலிருந்து, இரண்டாவது மார்க்கரான அமலைத் தனக்கு ஆட வைத்துக்கொண்டார். அமலின் மட்டையில் கறுப்பு நரம்பு பளபளத்தது. மதியழகனைக் கோர்ட்டை விட்டு, நரம்பு கட்டும் அறைக்கு மாற்றினார்கள்.

இப்போது அவன் வேலை அந்த நரம்பையே உறுப்பினர்களின் மட்டைகளில் கட்டுவது. முதல் சில நாள் கட்டினான். பிறகு, கட்ட வந்தவர்களிடம் மெதுவாக ஒரு வார்த்தை சொல்ல ஆரம்பித்தான். "இது கைக்கு ஆகாது சார். வேற போடட்டுமா?" சிலர் கேட்டார்கள். சிலர் உனக்கென்ன தெரியும் என்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜெயலட்சுமி என்று ஒரு வங்கி அதிகாரி, ஐம்பது வயதுக்கு மேல் டென்னிஸ் கற்றுக்கொண்டவர். முழங்கையில் பட்டையோடு ஒரு காலை வந்து நின்றார். இரண்டு வாரமாகத் தலை பின்ன முடியவில்லை என்றார். அவர் மட்டையில் ஐந்தாம் எண் இருந்தது. கட்டியது அவனேதான், அந்த முதல் சில நாட்களில்.

அவன் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னான். மூன்று முறை ஆடியதை, தான் சொன்னதை, கையேட்டில் அச்சானதை. சட்டைக் கையைத் தூக்கித் தன் முழங்கையையும் காட்டினான். "உங்களுக்கு நானே கட்டிக் குடுத்துட்டேன் மேடம். தெரிஞ்சேதான் கட்டினேன்," என்றான்.

ஜெயலட்சுமி அவனைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போய்க் கமிட்டிக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார்.

கமிட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடியது. செயலாளர் சுந்தரமூர்த்தி நடுவில், ரகுராம் ஓரத்தில், இன்னும் மூன்று பேர். ஜெயலட்சுமி எதிரில் உட்கார்ந்திருந்தார். மதியழகன் கதவருகே நின்றான். அந்த அறைக்குள் அவன் அதற்கு முன் நாற்காலி துடைக்கத்தான் போயிருக்கிறான்.

ரகுராம் கோபமே படவில்லை. "நான் மதியைக் குறை சொல்லல. நல்ல பையன். ஆனா வருஷக்கணக்கா அடிச்ச கை தேயத்தான் செய்யும். அதுக்கு ஸ்ட்ரிங் என்ன பண்ணும்? இப்போ அமல் ரெண்டு மாசமா இதுல ஆடறான். அவனையே கேளுங்க."

அமலைக் கூப்பிட்டார்கள். அமலுக்கு முப்பது வயது. ஜீவனஹள்ளியில் மதியழகன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தான். பொங்கலுக்கு முந்தின வாரம்தான் இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"கையில வலி கிலி ஏதாவது இருக்கா அமல்?" என்றார் சுந்தரமூர்த்தி.

"இல்ல சார்."

"தயங்காம சொல்லு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ஒண்ணும் இல்ல சார். நல்லா கீது."

அந்த நேரத்தில் கேன்டீன்காரர் டீ கொண்டுவந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, சுந்தரமூர்த்தி கண்ணைக் காட்டியதால், அமலுக்கும் ஒன்று நீட்டினார். அமல் இடது கையால் வாங்கினான்.

அமல் வலது கைக்காரன். மதியழகனுக்கு அது தெரியும். அந்த அறையில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அமலின் வலது கை தொடையோடு ஒட்டி, விரல்கள் லேசாக மடங்கித் தொங்கியது. அந்தத் தொங்கல் மதியழகனுக்குப் பழக்கமானது. அமல் தலையை நிமிர்த்தி ஒரு கணம் அவனைப் பார்த்தான். பிறகு டீயைப் பார்த்துக்கொண்டான்.

டம்ளரை வலது கையில் மாற்றிப் பிடிக்கச் சொல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேச்சு அங்கேயே திரும்பிவிடும். அமலின் வேலையும் அங்கேயே போய்விடும். பதினைந்து நாள் குழந்தை.

"நீ ஏதாவது சொல்லணுமா மதி?" என்று சுந்தரமூர்த்தி கேட்டார்.

"இல்ல சார்."

ஜெயலட்சுமி திரும்பி அவனைப் பார்த்தார். அமலின் கையைப் பற்றி அவருக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று அவனுக்குப் பிற்பாடு பலமுறை தோன்றியது. அவர் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மறுபடி கிளப்புக்கு வரவில்லை.

விற்பனைப் பொருட்களைப் பற்றி ஊழியர்கள் உறுப்பினர்களிடம் கருத்துச் சொல்லக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மாதக் கடைசியில் சுந்தரமூர்த்தி அவனைக் கூப்பிட்டு, இந்தக் கையை வைத்துக்கொண்டு நரம்பு கட்டுவதும் கஷ்டம்தானே என்று ஆதரவாகச் சொல்லி, வேலையிலிருந்து நிறுத்தினார். அது பொய்யில்லை. கடைசி வாரங்களில் ஒரு மட்டை கட்ட அவனுக்கு இரண்டு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவன் நடந்ததைச் சொன்னபோது, எலிசபெத் அமலின் பெயரைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டாள். "நீ அவன காட்டிக் குடுத்திருந்தா நமக்கு நியாயம் கிடைச்சிருக்கும்," என்றாள். சற்றுப் பொறுத்து, "குடுத்திருந்தா நான் உன்கூடப் பேசியிருக்க மாட்டேன்," என்றாள். அன்று இருவருமே சாப்பிடவில்லை.

காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிப் பேருந்தில் கதவைத் திறந்து மூடி, பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவனுக்கு எலிசபெத் மூலமாகக் கிடைத்தது. இடது கையாலேயே எல்லாம் செய்யப் பழகிக்கொண்டான். அறுவைச் சிகிச்சை செய்தாலும் பழையபடி வராது என்று டாக்டர் சொன்னதால் அதைத் தள்ளிப்போட்டான். சுனிதா வேலையை விட்டுத் தும்கூருக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டான். ஐந்தாம் எண் நரம்பு நன்றாகவே விற்றது. சென்னையிலும் ஹைதராபாத்திலும் கிடைக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

ஜூன் மாதம், பள்ளிகள் திறந்து இரண்டாம் வாரம், ஒரு சாயங்காலம் அமல் வீட்டுக்கு வந்தான். கதவைத் தட்டிவிட்டுப் படியிலிருந்து இறங்கி ஓரமாக நின்றான். எலிசபெத் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அண்ணே," என்றான். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான்.

"எப்போ?"

"காலையில சார்கூட ஆடும்போது. கை வரல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு நீங்க பாத்தீங்க. எனக்குத் தெரியும்ணே."

மதியழகனுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அடிக்கிற கைதான் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்தான். பிறகு, "நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல நில்லு. லேட்டா போனா சீட்டு கிடைக்காது," என்றான்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனான். எலும்புப் பிரிவு வரிசை கூடத்தைத் தாண்டி மாடிப்படி வரை நின்றது. மூன்று மணி நேரம் இரண்டு பேரும் நின்றார்கள். முறை வந்தபோது உள்ளே இருந்த இளம் டாக்டர் அமலின் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாளா வலி?"

அமல் பழக்கத்தில், "நேத்துல இருந்துதான் சார்," என்று ஆரம்பித்தான்.

"அமலு," என்றான் மதியழகன்.

அமல் அவனைத் திரும்பிப் பார்த்தான். முகம் கோணிக்கொண்டது. "டிசம்பர்ல இருந்து சார்," என்றான். டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டு, ஸ்கேன் எடுக்கிற அறை கீழ்த்தளத்தில் என்றார்.